கோபுரத்துக்குக் கீழே வீட்டைக் காணோம்

திருவொற்றியூரில் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த குப்பத்தில் செங்கல் வீடு என்றால் சொக்கம்மாளுடையது ஒன்றுதான். மற்றவை எல்லாம் ஓலைக் குடிசைகள். துறைமுகம் வருவதற்கு முன்னால், கப்பலில் வந்தவர்களைக் கரைக்குக் கொண்டுவரும் மசூலாப் படகில் தண்டலாக, அதாவது படகோட்டிகளுக்குத் தலைவராக, இருந்தவர் அவளுடைய அப்பா. எத்தனையோ வெள்ளைக்காரர்களை அலையில் கவிழ்க்காமல் கரை சேர்த்ததற்கு அடையாளமாக அந்த வீட்டைக் கட்டினார். கவிழ்த்திருந்தால் மாடியே கட்டியிருப்பார் என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள். ஒரே மகள் சொக்கம்மாளுக்கு வீட்டை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவள் கட்டிக்கொண்ட எத்திராஜ், கட்டுமரத்தில் மீனுக்குப் போகிறவன், அந்த வீட்டுக்கே வந்துவிட்டான்.

வீட்டின் வெள்ளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பிற்பாடு நடந்தது புளுகு மாதிரித் தோன்றும்.

கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு. வருஷா வருஷம் ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசிப் பூசிச் சுவர் ஒரு முழம் தடித்துவிட்டது. பௌர்ணமியில் அந்தச் சுவரைப் பார்த்துச் சேவல்கள் விடிந்துவிட்டதென்று கூவும். கோழிகளும் நம்பி இன்னொரு முட்டை இடும். காக்கைகள் அந்தப் பக்கம் பறக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்ளும். ஊருக்குப் புதிதான ஒரு கப்பல் கேப்டன், துறைமுகத்துக்காரர்கள்தான் வெள்ளைக்கொடி காட்டுகிறார்கள் என்று நினைத்து, பதிலுக்குக் கொடி ஆட்டிவிட்டு அரை நாள் மரியாதையாகக் காத்துக் கிடந்தான். துறைமுகத்தில் கேட்டால் அப்படி எதுவும் நடக்கவில்லை என்பார்கள். அவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

பொங்கல் நெருங்கியதும் குப்பத்து ஆண்கள் கூடி வந்து அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுப்பார்கள். அடுத்த குடிசைத் திருமலை, எத்திராஜுக்குப் பங்காளி, எண்ணூரிலிருந்து கூடை கூடையாகச் சுண்ணாம்பு கொண்டுவந்து இறக்குவான். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரு வாய் கஞ்சிகூட வேண்டாம் என்பார்கள். "அப்பா மேல எம்மாம் மருவாதி பாரு" என்று சொக்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஆனால் அந்தக் கண் கலங்கியது மரியாதையால் மட்டும் அல்ல. காலையில் மீன்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ராயபுரம் போய்த் தெருத்தெருவாக விற்றுவிட்டு, உச்சி வெயிலில் மணலில் நடந்து அவள் வீடு வந்து சேர்ந்தால், உள்ளேயும் வெளியேயும் ஒரே வெள்ளை. கண்ணைச் சுருக்கிக்கொண்டே சோறு போட்டு, கண்ணை மூடிக்கொண்டே சாப்பிட வேண்டும். ஒரு தடவை சோறு என்று நினைத்துக் குழம்பைக் காலில் ஊற்றிக்கொண்டாள். "வெயிலைத் தலைமேல தூக்கினு வர்றேன். வூட்டுக்குள்ள வந்தா இன்னொரு வெயிலு குந்தினுகீது" என்று எத்திராஜிடம் சொல்வாள். அவன் வலைக்கு முடிச்சுப் போட்டபடியே, "சுண்ணாம்புன்னா வெள்ளையாத்தான் இருக்கும்" என்று முடித்துவிடுவான்.

ராயபுரத்தில் துறைமுகத்து அதிகாரி ஒருவரின் பங்களாவில் கமால் என்பவர் சமையல்காரர். வஞ்சிரம் என்றால் சொக்கம்மாளிடம்தான் வாங்குவார். கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள், அவள் கொல்லைப்புறத்தில் கூடையை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது, திறந்திருந்த கதவு வழியாக உள் அறை தெரிந்தது. புதிதாக வண்ணம் அடித்திருந்தார்கள். வெள்ளை இல்லை. மஞ்சள் இல்லை. சந்தனமும் இல்லை. அரிசி களைந்த தண்ணீரில் ஒரு துளி மோரை விட்ட மாதிரி ஒரு நிறம். வெளிச்சம் அந்தச் சுவரில் வந்து விழவில்லை, வந்து உட்கார்ந்தது.

"இன்னா சொக்கம்மா, பேயடிச்ச மேரி நின்னுட்டே?" என்றார் கமால்.

"பாய், அந்தச் செவுத்துக்குப் பேரு இன்னா?"

"செவுத்துக்குப் பேரா? துரைசாணி அதுக்கு என்னாவோ ஒரு பேரு சொல்லிச்சு. சீமைலேந்து டப்பாவுல வந்த சாயம். எனக்குத் தெரிஞ்சு அது அழுக்கு. புதுசா அடிச்ச அழுக்கு."

"அழுக்கு இல்லே பாய். அது நெழலு. நெழலை எடுத்து அடிச்சிக்கீறாங்க."

கமால் சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "மொதல்ல மீனை வெட்டிக் குடு" என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் நிறத்தைத் தேடிக்கொண்டே வந்தாள். வண்டிமாட்டின் அடிவயிற்றில் கொஞ்சம் இருந்தது, ஆனால் மாடு ஒத்துக்கொள்ளாது. காய்ந்த சங்கின் வாயோரத்தில் இருந்தது. கடைசியில் தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது, காலடியிலேயே கிடந்தது: அலை போய்க் காய்ந்த மணல். சீமை டப்பாவுக்கு அவள் எங்கே போவாள்? ஆனால் சுண்ணாம்பு இருந்தது. பொங்கலுக்கென்று திருமலை முன்கூட்டியே இறக்கியிருந்தான். பக்கத்திலேயே, நூல் வலையை முக்கி எடுப்பதற்காகப் பட்டை போட்டுக் காய்ச்சிய சாயம் பானை நிறைய நின்றது. உப்புத் தண்ணீரில் வலை அழுகாமல் காப்பது அந்தச் சாயம்தான்.

எத்திராஜ் மீஞ்சூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். கேட்பதற்கு ஆள் இல்லாததால் வேலை சுருக்காக நடந்தது. சுண்ணாம்பில் சாயத்தை ஒரு கரண்டி விட்டுச் சுவர் மூலையில் பூசினாள். காய்ந்ததும் வெள்ளையாகவே இருந்தது. ஒரு சொம்பு விட்டாள். கருவாட்டு நிறம் வந்தது. குறைத்து, கூட்டி, கஞ்சி கலந்து, ஒவ்வொரு தரமும் காயவிட்டுப் பார்த்து, மூலைச்சுவர் முழுக்கத் திட்டுத் திட்டாக ஆனபோது, நடுவில் ஒரு திட்டு அவளைப் பார்த்து "நான்தான்" என்றது. பனைநார் மட்டையை எடுத்துக்கொண்டு உள்ளும் புறமும் அவளே பூசினாள்.

திருமலையின் பெண்டாட்டி கன்னியம்மா இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள்.

"இன்னாக்கா இது, பழஞ்சோத்துத் தண்ணி கலரு?"

"உள்ளாற வந்து குந்து. அப்பால சொல்லு."

கன்னியம்மா உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்தாள். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. குடத்துத் தண்ணீருக்காகக் காத்திருந்த திருமலை தேடி வந்து எழுப்பவேண்டியதாயிற்று. அவனும் சுவரை ஒரு பார்வை பார்த்தான். "வெள்ளைல கொஞ்சம் தூசி பட்டாப்பல கீது, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். கரையில் நின்று பார்க்கிறவனுக்கு அது அவ்வளவுதான்.

அன்று இருட்டிய பிறகு எத்திராஜ் கல்யாணச் சோற்று மயக்கத்தோடு வந்தான். சுவரைப் பார்க்கவில்லை; பாயைத்தான் பார்த்தான். விடிவதற்கு முன்னால் எல்லாரோடும் சேர்ந்து கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

வெயில் ஏறிய நேரம். சொக்கம்மாள் சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்து சாப்பிட்டால் ஊறுகாய் இன்னும் ருசியாக இருந்தது. அப்போது கடற்கரையில் ஒரே ஓலம்.

"ஐயோ! பூட்ச்சே! எங்க சொக்கம்மா வூடு பூட்ச்சே! கடலு கொண்டுகினு பூட்ச்சே!"

தலையில் அடித்துக்கொண்டு, கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தவன் திருமலை. ஓடிவந்த வேகத்தில் சுவரில் முட்டிக்கொண்டு உட்கார்ந்தான். தடவிப் பார்த்தான். நிமிர்ந்து பார்த்தான். சொக்கம்மாள் கையில் பிசைந்த சோற்றோடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ உசுரோட கீறியா?"

"பழையது துன்னுனுகீறேன். இன்னா வோணும் உனக்கு?"

"வூடு... வூடு இல்லியே! கடல்லேந்து பார்த்தேன். கோபுரம் கீது, கோபுரத்துக்குக் கீழ மணலுதான் கீது!"

பின்னாலேயே மற்ற ஆண்களும் வந்தார்கள். எல்லார் கூடையும் காலி. கடைசியாக எத்திராஜ் வந்தான். அவன் கூடையில் ஒரு சொறி, யாரும் வாங்காத ஜெல்லிமீன், மட்டும் இருந்தது, அதுவும் தானாக ஏறிக்கொண்டது. வந்தவன் வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்தான். பிறகு மணலைக் கையில் அள்ளிச் சுவரோடு வைத்துப் பார்த்தான். எது கை, எது சுவர் என்பது தெரிந்தது. எது மணல், எது சுவர் என்பது தெரியவில்லை.

"அடிப்பாவி" என்றான் மெதுவாக. "பாரை மறைச்சிட்டியேமே."

அப்போதுதான் அவளுக்குச் சங்கதி வந்து சேர்ந்தது. கடலுக்குள்ளே ஒரு கற்பாறைத் திட்டு உண்டு. அதைப் பார் என்பார்கள். குப்பத்துச் சோறு முக்கால்வாசி அங்கேதான் மேய்ந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கு மேலே எந்த அடையாளமும் இல்லை. கரையைத் திரும்பிப் பார்த்துத்தான் இடம் பிடிக்கவேண்டும். வடக்கே ஒரு தனிப்பனை, ஆலைப் புகைபோக்கியை மறைக்கவேண்டும். மேற்கே கோயில் கோபுரம், மீன்காரி தலையில் கூடை உட்கார்ந்த மாதிரி, சொக்கம்மாளின் வெள்ளைச் சுவர்மேல் நேராக உட்காரவேண்டும். இரண்டும் பொருந்திய இடத்தில் நங்கூரக் கல்லை இறக்கினால் கீழே பார். அவள் அப்பா காலத்திலிருந்து இதுதான் வழி. ஆண்களுக்கு எல்லாம் தெரியும். பெண்கள் கடலுக்குப் போவதில்லை என்பதால் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

"ஏன்யா எங்கிட்டே சொல்லலே?"

"கடல் சமாச்சாரத்தை வூட்ல பேசக்கூடாதும்பாங்க."

"சமாச்சாரமே என் வூடுதானேய்யா!"

எத்திராஜ் சொறியைப் பார்த்தான்.

மாலையில் மணலில் பஞ்சாயத்து கூடியது. குப்பத்துப் பெரியதனக்காரர் கிருஷ்ணப்பன் நடுவில் உட்கார்ந்தார். நல்ல மனுஷர், குரல் மட்டும் புயல் எச்சரிக்கைப் பீரங்கி மாதிரி இருக்கும். அவர் மெதுவாகப் பேசினால் எண்ணூரில் நாய் குரைக்கும்.

"சொக்கம்மா! நாளைக்கே சுண்ணாம்பு வரும். ஆளும் வரும். ஒயுங்கா வெள்ளை அடிச்சிக்கோ. பேச்சு முடிஞ்சிச்சு."

"என் பேச்சு இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே, நைனா" என்றாள் சொக்கம்மாள். "ஒண்ணு கேக்கறேன். வருசா வருசம் வந்து அடிச்சீங்களே, அது எங்கப்பா மேல மருவாதியா, பாரு மேல மருவாதியா?"

திருமலை மணலில் எதையோ தேட ஆரம்பித்தான்.

"நான் வருசா வருசம் கண்ணைத் தொடச்சேன். அத்த நெனைச்சாத்தான் எனக்குப் பேஜாரா கீது. ஒரு வாய் கஞ்சி வோணாம்னு சொன்னீங்களே! நான் பூரிச்சுப் போய் குந்திகினு இருந்தேன்."

"அதுக்கின்னா இப்போ?" என்றான் திருமலை. "ஊருக்கே சோறு. ஒரு செவுரு தானே?"

"ஊருக்குச் சோறுன்னா உன் குடிசைல வெள்ளை அடி."

"என் குடிசை கோபுரத்துக்கு நேரா இல்லியே!"

"அப்போ கோபுரத்தை நவுத்து."

சிரிப்பை அடக்கமுடியாமல் கன்னியம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கிருஷ்ணப்பன் தொண்டையைக் கனைத்தார். எண்ணூரில் நாய் குரைத்தது.

"வெள்ளை அடிக்கமாட்டேன்னா பாரு எப்படிப் புடிக்கிறதுன்னு நீயே சொல்லு. சொல்லத் தெரியலேன்னா வெள்ளைதான்" என்றார்.

"சொல்றேன். ஆனா கடல்லேந்து என் வூடு எப்படித் தெரியுதுன்னு நான் பார்க்கணும். காலைல என்னைக் கூட்டினு போங்க."

இப்போது உண்மையிலேயே சத்தம் எழுந்தது. பெண் கால் கட்டுமரத்தில் படுவதா? மீன் ஓடிப்போகும், மரம் கட்டவிழ்ந்துவிடும், கடல் கோபித்துக்கொள்ளும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். "இன்னிக்கு எந்தப் பொம்பளை வந்தா? சொறிதானே புடிச்சீங்க?" என்றாள் சொக்கம்மாள். கிருஷ்ணப்பன் எத்திராஜைப் பார்த்துத் தலையசைத்தார்.

விடியற்காலையில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு எத்திராஜின் கட்டுமரத்தில் ஏறினாள். கன்னியம்மாவிடம் ஒரு வேலை மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்: வாசல் கொடியில் கிடக்கும் துணியை வெயில் வந்ததும் எடுத்து மடித்து வை. கன்னியம்மா வழக்கம்போலச் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அலை தாண்டும்போது சொக்கம்மாள் முருகனை இரண்டு தடவையும் எத்திராஜை ஒரு தடவையும் கூப்பிட்டாள். அலை தாண்டியதும் யாரும் தேவைப்படவில்லை, தண்டல் மகள். சூரியன் எழுந்து கரைமேல் வெளிச்சம் விழுந்ததும் திரும்பிப் பார்த்தாள். கோபுரம் இருந்தது. புகைபோக்கி இருந்தது. ஓலைக் குடிசைகள் கறுப்பாய்த் தெரிந்தன. நடுவில், தான் பிறந்து வளர்ந்த வீட்டை அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் உள்ளுக்குள்ளே ஒரு பெருமையும் எட்டிப் பார்த்தது. கலவை அவ்வளவு துல்லியம்.

"பார்த்தியா?" என்றான் எத்திராஜ். "நான் நேத்து உன்னைத் தேடினேன்மே. மெய்யாலுமே ஒரு நிமிசம்..." துடுப்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

சொக்கம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். திரும்பக் கரையைப் பார்த்தாள். அப்போது மணலில் ஒரு சிவப்புப் புள்ளி கண்ணில் பட்டது.

"அது இன்னாய்யா? செவப்பா?"

எத்திராஜ் கண்ணுக்கு மேல் கையை வைத்தான். வெறும் மணலில் அந்தரத்தில் ஏதோ சிவப்பாக ஆடிக்கொண்டிருந்தது.

"என் அரக்குச் சேலை!" என்று கத்தினாள். "அந்தத் தூங்குமூஞ்சி எடுக்கவே இல்லே!"

வெள்ளைச் சுவர் இருந்த காலத்தில் அந்தச் சேலை அங்கே காய்ந்து யாரும் பார்த்ததில்லை. சுவரின் பளபளப்பு அதை விழுங்கிவிடும். இப்போது அமைதியான மணல்நிறத்துக்கு முன்னால் அது நெற்றிப் பொட்டு மாதிரி தெரிந்தது. எத்திராஜ் மரத்தைக் கொஞ்சம் வடக்கே தள்ளினான். கோபுரம் நகர்ந்து நகர்ந்து வந்து சிவப்புக்கு மேலே உட்கார்ந்தது. பனை புகைபோக்கியை மறைத்தது. கல்லை இறக்கினான். கயிறு தளர்ந்தது, கீழே பாறை.

பெண் வந்ததால் மீன் ஓடிப்போகவில்லை. வேடிக்கை பார்க்க வந்தது. வஞ்சிரமும் கொடுவாவுமாக மரத்தைச் சுற்றி வட்டமாக நின்றன. பின்வரிசை மீன்கள் எட்டிப் பார்த்துத் துள்ளித் துள்ளி மரத்துக்குள்ளேயே விழுந்தன. தூண்டில் போட்டதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான்.

கரையில் கிருஷ்ணப்பன் காத்திருந்தார். குவியலைப் பார்த்தார். "எப்படி?" என்றார், ஊருக்கே கேட்கும்படி.

"சேலையைக் காயப்போட்டா பாரு தெரியும். எடுத்துட்டா தெரியாது" என்றாள் சொக்கம்மாள். "இன்னொண்ணையும் யோசி நைனா. வெள்ளைச் செவுத்தைப் பார்த்துகினு எண்ணூர்க்காரனும் வந்து உங்க பாருல கல்லைப் போட்டான் இல்லே? நேத்துலேந்து அவனும்தான் தேடினுகீறான். அவனுக்கு எந்தச் சேலை, யாரு சேலைன்னு தெரியுமா?"

கிருஷ்ணப்பன் எண்ணூர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெள்ளைச் சுவர் என்பது கடலில் போகிறவன் வருகிறவன் எல்லாருக்கும் சொந்தமான ரகசியமாக இருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பெரியதனக்காரர் என்பதால், தனக்கு முன்பே தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார்.

"செவுரு அப்படியே இருக்கட்டும்" என்றார். அவர் வாழ்நாளில் தணிந்த குரலில் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு குப்பத்தில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. இருட்டு பிரிவதற்கு முன்னால், மரத்தைத் தள்ளப்போகிற ஆண்கள் சொக்கம்மாள் வாசலில் வந்து நிற்பார்கள்.

"அக்கா, இன்னிக்குத் துணி தொவைக்கிறியா?"

"பார்க்கலாம். தண்ணி இல்லே."

உடனே இரண்டு பேர் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். வாசலுக்கு வந்தவர்களை இப்போது அவள் கஞ்சி குடிக்காமல் அனுப்புவதில்லை. வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் யாருக்கும் இல்லை. முந்தின நாள் அவளை ஏளனம் பேசியவன் இருந்தால் சேலை அன்றைக்குக் காய நேரமாகும். பெண்டாட்டியை அடித்தவன் ஒருவன் இருந்தான். அவன் மரம் பார் இருந்த பக்கம் வந்ததும் அவள் சேலையைச் சுருட்டிவிடுவாள், போனதும் விரிப்பாள். சொறி தின்றே அவன் திருந்தினான். எத்திராஜும் வரிசையில் நின்றுதான் கேட்டான்.

அடுத்த பொங்கலுக்குத் திருமலை சுண்ணாம்பு கொண்டுவந்து இறக்கியபோது, கூடவே ஒரு பானைப் பட்டைச் சாயமும் வைத்தான். கன்னியம்மா தன் குடிசையின் மண்சுவருக்கும் அதே நிறம் வேண்டும் என்று அடம்பிடித்திருந்தாள். அவளைப் பார்த்து எதிர்வீடு. எதிர்வீட்டைப் பார்த்துக் கிருஷ்ணப்பன் வீடு. அந்த நிறம் விட்டுவைத்தது கோயிலையும் கடலையும்தான். அந்தப் பக்கமாகப் போன ஒரு கப்பலில் தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்தவன், "இங்கே ஊர் எதுவும் இல்லை. மணலில் சேலைகள் மட்டும் தாமாக நின்று ஆடுகின்றன" என்று கேப்டனிடம் சொன்னானாம். கேப்டன் அவனைப் படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார்.

ராயபுரத்தில் ஒரு நாள் கமால், மீன் வெட்டிக்கொண்டிருந்தவளிடம், "இன்னா சொக்கம்மா, அந்த அழுக்குக் கலரை மறந்துட்டியா?" என்று கேட்டார்.

"எங்க குப்பத்துக்கு வா பாய், காட்டறேன்."

"எப்படிக் கண்டுபுடிக்கிறது உன் வூட்டை?"

சொக்கம்மாள் கத்தியைத் துடைத்துக் கூடையில் வைத்தாள்.

"வர்ற நாளைச் சொல்லு. துணி காயப்போடறேன்."